முகமும் முன்வினையும்

தைப்பூசத்தன்று நெய்வேலி ஆர்ச் கேட்டில் பேருந்து ஏறினேன். பகுத்தறிவு பேசுகிறவனுக்குச் சோதி காட்டும் நாளில் வடலூர்ப் பக்கம் என்ன வேலை என்று தோழர்கள் புருவத்தை நெரிக்க வேண்டாம். நண்பர் ஒருவரின் நூல்கள் நெடுநாளாக என் வீட்டில் தங்கிவிட்டன. நாள் கிழமை பாராமல் அவற்றைத் திருப்பித் தரப் புறப்பட்டேன், நாள் அப்படி வாய்த்துவிட்டது.

வண்டியில் நெரிசல். வெள்ளை வேட்டி, வெள்ளை மேலாடை, நெற்றியில் நீறு — ஏழு திரை விலகும் காட்சியைக் காணச் செல்லும் பெரியவர் ஒருவர் சன்னலோரம் அமர்ந்திருந்தார். அவர் பக்கத்தில் முப்பது வயதுள்ள ஓர் இளைஞன். தோளில் கிடக்க வேண்டிய துண்டு அவன் முகத்தின் இடப்பாதியை மூடியிருந்தது. பின் இருக்கையில் அவன் தாய். வளைவொன்றில் வண்டி குலுங்கியது, துண்டு நழுவியது. நெற்றியிலிருந்து கன்னம் வரை கருகிய பொருக்குகள். கோடு கிழித்து நிறுத்தினாற்போல் மூக்கின் நடுவோடு நின்றுவிட்ட புண். வலப்பக்கம் ஒரு வடுவும் இல்லை.

பெரியவர் எழுந்தார். நிற்க இடமில்லாத வண்டியில் நின்றுகொண்டார். நின்றவர் சும்மா நிற்கவில்லை. "எந்த ஜென்மத்துல என்ன செஞ்சானோ, ஆண்டவன் முகத்துலயே எழுதிட்டான்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

தாய் திரும்பினாள். "எம்புள்ள ஒண்ணும் செய்யலீங்க ஐயா. அவனுக்கு என் கிட்னியத்தான் வச்சிருக்காங்க. அதக் காப்பாத்தத் திங்கிற மாத்திரையால வந்த அக்கி இது. காஞ்சு போச்சு, ஒட்டாதுங்க" என்றாள்.

பெரியவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. மேடைகளில் ஊழ்வினையை உரித்துத் தொங்கவிட்ட வாய், பேருந்தில் பூட்டிக்கொண்டது. அன்று பேசாததை இன்று எழுதுகிறேன்.

நோய் என்பது கூலியா? செய்த வினைக்கு உடல் பெறும் ஊதியமா? இக்கேள்வியைக் கேட்பதற்கு வடலூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழகத்தில் இல்லை. 1867இல் அவ்வூரில் இராமலிங்க அடிகள் தருமச்சாலையைத் திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சில கல் தொலைவில் நெய்வேலியின் நிலக்கரி எரிந்து ஊருக்கெல்லாம் விளக்கேற்றுகிறது. வடலூரின் அடுப்போ, சாதி கேளாமல், சமயம் கேளாமல், வந்தவன் வயிற்றுத் தீயை அவிக்கிறது. அடுப்பை மூட்டியவர் அதற்கான காரணத்தையும் எழுதி வைத்தார். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடையில் அவர் ஒரு தடையை எழுப்பிக்கொள்கிறார்: பசியும் பிணியும் முன்வினைக்காக இறைவன் விதித்த தண்டனை என்றால், அவற்றை நீக்குகிறவன் இறைவன் ஆணையை மீறுகிறவன் ஆகமாட்டானா?

அவர் தந்த விடை கூர்மையானது. கொடிய குற்றம் புரிந்து சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவு கொடுப்பிக்கிறான். உணவளித்த சேவகன் அரச ஆணையை மீறியவன் ஆவதில்லை. ஆகவே தண்டனை என்றே வைத்துக்கொண்டாலும் உதவாமலிருக்க அது சாக்காகாது. "அவன் தலையெழுத்து" என்று சொல்லிக் கையைக் கழுவிய வைதீகத்தின் கன்னத்தில் விழுந்த அறை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், சமயத்துக்குள் நின்றுகொண்டே அப்படி அறைந்தவரைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆனால் தோழர்களே, அந்த உவமையை இன்னொரு முறை பாருங்கள். உணவு கிடைத்துவிட்டது, பெயர் மாறியதா? உண்பவன் இன்னும் கைதிதான். சோறு போட்டவரும் அவனைக் குற்றவாளி என்றே நினைத்துக்கொள்ள அந்த உவமை இடம் தருகிறது. பேருந்துப் பெரியவர் தருமச்சாலைக்கு ஆண்டுதோறும் அரிசி மூட்டை அனுப்புகிறவராகவும் இருக்கலாம். அதே கை அரிசியும் அளக்கும், முகத்தைச் சுட்டி வினையென்றும் சொல்லும். இரண்டுக்கும் அந்தப் பழைய நூலில் இடமிருக்கிறது. அடிகள் காலத்து அறிவு அவ்வளவே வழிவிட்டது. நம் காலத்து அறிவு எவ்வளவு வழிவிடுகிறது?

அக்கியிலிருந்தே தொடங்குவோம். நம் ஊர்களில் அக்கி கண்டால் குயவர் வீட்டுக்கு ஓடுவார்கள். அவர் செங்காவியைக் குழைத்துப் புண்ணைச் சுற்றி உருவம் எழுதுவார். இரண்டு மூன்று வாரத்தில் அக்கி இறங்கிவிடும். எழுதாவிட்டாலும் பெரும்பாலோருக்கு அதே இரண்டு மூன்று வாரத்தில்தான் இறங்கும். புகழ் செங்காவிக்குப் போய்ச் சேர்ந்தது. குயவரை நான் ஏசவில்லை. அவர் ஏமாற்றவில்லை, அறிந்ததைச் செய்தார்.

மருத்துவ அறிவு சொல்வது வேறு. சிறு வயதில் சின்னம்மை விளையாடிப் போகிறதே, அது போய்விடுவதில்லை. அந்த வைரஸ் முதுகெலும்பை ஒட்டியும் மண்டைக்குள்ளும் உள்ள நரம்பு முடிச்சுகளில் படுத்துக்கொள்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் என்னும் காவலன் விழித்திருக்கும்வரை அது உறங்கும். முதுமையாலோ நோயாலோ மருந்தாலோ காவலன் தளர்ந்தால் எழுந்து, தான் படுத்திருந்த நரம்பின் வழியே தோலுக்கு வரும். அந்த இளைஞனின் புண் மூக்கின் நடுவோடு நின்றதற்குக் காரணம் இதுவே: முகத்தின் இடப்பக்கத்து நரம்பு வலப்பக்கம் செல்வதில்லை. ஆண்டவன் எழுதினான் என்றார் பெரியவர். எழுத்தின் எல்லையைப் போட்டது நரம்பு.

ஒட்டாது என்று அந்தத் தாய் சொன்னாளே, அதுவும் சரியே. நீர் கோத்த கொப்புளமாக இருக்கும்போது சின்னம்மை வராதவருக்கு அதிலிருந்து தொற்றலாம். பொருக்குத் தட்டிக் காய்ந்தபின் அஞ்ச ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் போகாதவள் போலத் தோன்றினாள். பெரியவரைவிட நூலறிவு அவளிடம்தான் இருந்தது. ஆனால் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு வரும் அக்கி, குயவரின் செங்காவிக்குக் காத்திருக்கும் அக்கியன்று. உடல் முழுதும் பரவலாம். கண்ணருகே வந்தால் பார்வையைக் கெடுக்கலாம். கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் மருந்து தொடங்குவது நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள். வினையென்று நொந்துகொண்டு கிடக்கும் ஒவ்வொரு நாளும் அந்த மூன்றில் ஒரு நாள்.

அக்கியாவது ஊரறிந்த நோய். அதே இளைஞனுக்கு, அதே மாத்திரையால், வேறொன்று வரக்கூடும். மிக அரிது, உலகெங்கும் மருத்துவ ஏடுகளில் பதிவானோர் மிகச் சிலரே. டிரைகோடிஸ்பிளேசியா ஸ்பைனுலோசா என்று வாய் நிறையப் பெயர். முள்முக நோய் என்போம். மூக்கின்மேல், புருவத்தில், கன்னத்தில், காது மடலில் தோலின் நிறத்திலேயே சிறு சிறு மேடுகள் தோன்றும். அவற்றின் நுனியில் பொடி முட்கள். தடவினால் கரகரக்கும். மயிர்க்காலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களில் ஒரு வைரஸ் புகுந்து பெருகுகிறது. மயிர் வெளிவர வேண்டிய வாயிலில் இறுகிய புரதம் முள்ளாக நீள்கிறது. புருவமும் இமை மயிரும் உதிர்கின்றன. முற்றினால் முகத்தோல் தடித்து மடிப்பு விழும்.

புருவம் உதிர்ந்து தோல் தடித்த முகத்தை நம் ஊர் என்னவென்று சொல்லும்? சொல்லவே வேண்டாம். தொழுநோய் என்று கூசாமல் முத்திரை குத்தும்.

1999இல் அமெரிக்க மருத்துவர் இந்நோய்க்குப் பெயரிட்டபோது, நோயுற்ற தோலில் வைரஸ் துகள்களை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார்கள். அது எந்த வைரஸ் என்று அறியப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. 2010இல் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள், மாற்று இதயம் பொருத்தப்பட்ட பதினைந்து வயதுச் சிறுவனின் முகத்து முட்களிலிருந்து அதைப் பிரித்தறிந்தார்கள். பாலியோமா என்னும் வைரஸ் குடும்பத்தில் அதுவரை அறியப்படாத உறுப்பினர்.

அதன்பின் அவர்கள் செய்ததுதான் நமக்கு வேண்டியது. நோயற்ற, நன்றாக நடமாடும் மக்களின் குருதியை எடுத்து, இந்த வைரஸ் அவர்களிடம் வந்துபோன சுவடு இருக்கிறதா என்று தேடினார்கள். வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேரிடம் இருந்தது! பெரும்பாலும் இளமையிலேயே, அறியாமலேயே, ஒரு பருகூட எழும்பாமலேயே அது நம்மிடம் வந்துவிடுகிறது. வந்தது உடலில் தங்கிவிடும் என்றே கருதுகிறார்கள்.

எண்ணிப் பாருங்கள். அறுபது பேர் அடைந்த பேருந்து. பாதிக்கு மேற்பட்டோரிடம் அந்த வைரஸ் இருந்திருக்கும். எழுந்து நின்ற பெரியவரிடம் இருந்திருக்கலாம். மௌனம் காத்த என்னிடம் இருந்திருக்கலாம். துண்டு போர்த்திய முகத்தில் ஒரு நாள் முள் முளைத்தால், அதைக் கண்டு நாம் முகம் திருப்பிக்கொள்வோம் — அந்த முள்ளின் விதையை நம் மூக்கிலேயே சுமந்துகொண்டு! தீண்டாதே என்று விலகுகிறவன் எதிலிருந்து விலகுகிறான்? தன்னிடமிருந்தா?

வினைவாதி இங்கே விட்டுவிடமாட்டார். விதண்டை அவருக்குக் கைவந்த கலை. "சரி ஐயா, எழுபது பேரிடமும் இருக்கிறது. அந்த ஒருவனுக்கு மட்டும் ஏன் முளைத்தது? அதற்குப் பெயர்தானே ஊழ்?" என்பார்.

அதற்குப் பெயர் மாத்திரை. எதிர்ப்பாற்றல் அயலான் எவன் வந்தாலும் அடித்து விரட்டும். தாயின் சிறுநீரகமும் அதற்கு அயல்தான். விரட்டாதிருக்க வேண்டுமானால் காவலனை மருந்தால் தணிக்க வேண்டும், நாள்தோறும், மாற்று உறுப்பு இயங்கும் காலமெல்லாம். காவலன் தணிந்த இடத்தில், எழுபது பேரிடமும் உறங்கியது இவனிடம் விழித்தது. சங்கிலியின் கண்ணிகளைப் பின்னோக்கி எண்ணுங்கள்: முள், அதற்கு முன் மருந்து, அதற்கு முன் மாற்றுச் சிறுநீரகம், அதற்கு முன் ஒரு தாயின் சம்மதம். சங்கிலியின் முனையில் பாவம் இருக்குமென்று தேடிப் போனவன் கையில் அகப்படுவது ஒரு தாயின் கொடை! வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் உறவினர் தந்த சிறுநீரகத்தைப் பொருத்தி வெற்றி கண்டார்கள். அதற்கு முன் இந்த மண்ணில் சிறுநீரகம் இரண்டும் பழுதானவனுக்கு அக்கியும் வந்திராது, முள்ளும் முளைத்திராது — அதற்குள் இறந்திருப்பான். பிழைத்ததால் வந்த நோயைப் பாவத்தின் சம்பளம் என்பது எந்த ஊர்க் கணக்கு?

"சிறுநீரகம் ஏன் பழுதாயிற்று?" என்று இன்னும் ஒரு படி பின்னே போவார் வினைவாதி. சர்க்கரை நோய், குருதிக் கொதிப்பு, அடைத்த கல், அளவின்றி விழுங்கிய வலி மாத்திரை என்று காரணங்கள் பல. சிலருக்குக் காரணம் புலப்படுவதே இல்லை. புலப்படாத இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதி வைக்கிறான் மருத்துவன். அந்த வெற்றிடத்தில் "பாவம்" என்று எழுதுகிறவன் எதையும் கண்டுபிடித்தவன் அல்லன். தேடுகிறவனின் விளக்கை ஊதி அணைத்தவன்.

தொழுநோயில் இதையே செய்தோம். அடிகள் மேட்டுக்குப்பத்தில் வாழ்ந்திருந்த 1873இலேயே நார்வேயில் ஆன்சன் அந்நோயின் கிருமியைக் கண்டார். பாவமன்று, கிருமி என்று அன்றே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பயன்? இந்தியாவில் தொழுநோயரை ஒதுக்கி அடைக்க 1898இல் சட்டம் செய்தார்கள். அதை நீக்க 2016 ஆயிற்று. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்னும் விதி 2019 வரை இருந்தது. அந்தக் கிருமியும் பெரும்பாலோரை ஒன்றும் செய்வதில்லை. அவர்கள் உடல் இயல்பாகவே அதை வென்றுவிடுகிறது. நுண்ணோக்கி ஒரு நாளில் கண்டதை நம் சட்டப் புத்தகம் ஏற்க நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

இதுவரை எழுதியதைப் படித்துத் தலையசைக்கும் தோழர்களை ஒரு கேள்வி கேட்கிறேன். என்னையும் சேர்த்துத்தான்.

அந்தத் தாய் "கிட்னி" என்று சொன்ன கணத்தில் என் நெஞ்சம் இளகியது. ஏன்? பையன் குற்றமற்றவன் என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது. சான்று கிடைப்பதற்கு முன் என் நெஞ்சில் ஓடியது என்ன? மறைப்பதில் பயனில்லை. இளவயதில் முகத்தில் அக்கி என்றால் எச்.ஐ.வி.யாக இருக்குமோ என்று மருத்துவர்கள் ஐயுறுவது உண்டு என்று எங்கோ படித்திருந்தேன். அந்த ஐயம் எனக்கும் வந்தது. மருத்துவருக்கு அது பரிசோதனைக்கு வழி. எனக்கு அது ஓர் ஒழுக்கத் தீர்ப்பு. பெரியவர் முற்பிறவியைத் தேடினார். நான் இப்பிறவியிலேயே தேடினேன். தேடியது இருவரும் ஒன்றைத்தான்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் குருதி மாதிரிகளைத் திரட்டி, வேலூரில் சோதித்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாக வெளிப்படுத்தினார்கள். தொற்று உறுதியான அந்த முதல் மாதிரிகள் பாலியல் தொழிலில் இருந்த பெண்களுடையவை. நாடு உடனே இரண்டாகப் பிரித்துக்கொண்டது: ஊசியால் பெற்ற பாவமறியாதார் ஒருபுறம், உறவால் பெற்ற பாவிகள் மறுபுறம். வைதீகர் மட்டும் பிரிக்கவில்லை. கடவுளை நம்பாதவரும் பிரித்தார்கள். "எப்படி வந்தது?" என்று கேட்டு, விடைக்கேற்ப இரக்கத்தை அளந்தார்கள். முற்பிறவியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வினைக் கொள்கையை மட்டும் துவைத்து உடுத்திக்கொண்ட பகுத்தறிவு அது! எதிர்ப்பாற்றல் குன்றிய எச்.ஐ.வி. நோயரின் முகத்திலும் பருக்கள், முத்துக்கொப்புளங்கள், அக்கி எல்லாம் வரும். அந்த வைரஸ்களுக்கு ஊசியா உறவா என்று கேட்கத் தெரியாது. குடித்தவனுக்குக் கல்லீரல் கெட்டாலும், புகைத்தவனுக்கு நுரையீரல் கெட்டாலும், "அவனே தேடிக்கொண்டான்" என்று நாம் சொல்லும்போது ஓர் உண்மையும் சொல்கிறோம், ஒரு தீர்ப்பும் எழுதுகிறோம். காரணம் கூறுவது மருத்துவம். அடுத்தவனைக் காப்பதற்கு அது தேவை. தகுதி கூறுவது வேறு வேலை, அதற்கு நம்மை யாரும் அமர்த்தவில்லை.

தாயின் சிறுநீரகத்தைக் காட்டி நான் மேலே வாதாடியது எளிதான வழக்கு. அந்த இளைஞன் வேறெப்படியோ நோயுற்றிருந்தால், பேருந்தில் அவனுக்காகப் பேச அவன் தாய்க்கு ஒரு சொல் கிடைத்திருக்காது. அப்போதும் அந்த இருக்கை அவனுடையதுதான். அப்போதும் பொருக்குக் காய்ந்த புண் ஒட்டாது.

இன்னொன்று சொல்ல வேண்டும், பலரும் அறியாதது. முள்முக நோய்க்கு மருந்துகள் சில இருக்கின்றன: வைரஸை அடக்கும் பூச்சு ஒன்று, விழுங்கும் மாத்திரை ஒன்று. ஆனால் நன்றாகக் கைகொடுப்பது எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்தைக் குறைப்பதே. குறைத்தால் காவலன் விழிப்பான், முட்கள் உதிரும், புருவமும் முளைக்கலாம். அதே காவலன் சிறுநீரகத்தையும் தாக்கலாம். முகமா, சிறுநீரகமா? மருத்துவர் இரண்டையும் காக்கும் அளவை இழை இழையாகத் தேடுவார். அந்தத் தராசில் மருத்துவர் வைக்காத எடையொன்று ஏறுகிறது. பேருந்தில் எழுந்து நிற்பவரின் எடை அது. பெண் கொடுக்க மறுப்பவர், வேலையிலிருந்து நிறுத்துகிறவர், தனிக் குவளை வைக்கும் தேநீர்க்கடைக்காரர் எல்லோரும் ஏறிக்கொள்கிறார்கள். முகத்தோடு வாழ ஊர் விடாவிட்டால், உயிர் காக்கும் மாத்திரையைத் தானே நிறுத்திவிடும் எண்ணம் ஒருவனுக்கு வருமா, வராதா? வந்தால் அந்தச் சிறுநீரகத்தைக் கொன்றது வைரஸா?

உறுப்பு ஈந்து இறந்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு, நாகரிக நாட்டுக்கு அழகு. ஈந்தவருக்கு மலர்வளையம் வைக்கிறோம். ஏற்றவன் நம் பக்கத்தில் வந்து அமர்ந்தால்தான் நமக்கு இடம் போதவில்லை.

வடலூர் நாற்சந்தி வந்தது. கூட்டம் இறங்கியது. இளைஞன் துண்டைச் சரிசெய்துகொண்டு, தாய் இறங்கக் கை கொடுத்தான். பெரியவர் முன்னே இறங்கியவர், நடக்காமல் நின்றார். கூட்டம் அவரை இடித்துக்கொண்டு சபையின் பக்கம் போயிற்று. அந்த அம்மாள் அருகில் வந்ததும், "எந்தப் பக்கத்தும்மா குடுத்தே?" என்று கேட்டார்.

"இடப்பக்கங்க" என்றாள் அவள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தருமச்சாலைக்கு எந்த வழி என்று அவரிடமே கேட்டாள்.